கொளுத்திப் பார்க்காத நூல்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. பத்தாவதோடு நின்றவன். அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் லோடு சீட்டில் கையெழுத்துப் போடத்தான். எங்காவது தப்பாக இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய பென்சில் டப்பாவில் அந்த மார்க்கர்கள் கிடைத்தன. எல்லாமே காய்ந்துபோயிருந்தன. "பாய் வூட்டு அத்தை ஏம்ப்பா இதையெல்லாம் நமக்கு குடுத்துட்டு போனாங்க?" என்று பாப்பா கேட்டாள். "ஊர் மாறி போனாங்கல்ல, அதான்" என்றேன். அது சரியான பதில் இல்லை. சரியான பதில் என்னிடம் இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் நாம் முன்பு குடியிருந்த சந்தில் அத்தையின் வீடு நமக்கு எதிர்வீடு. நீங்கள் அத்தை என்பீர்கள், நான் அக்கா என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அவருடைய வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார், மாதம் ஒரு தடவை வருவார். கீழே அவருடைய வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது மச்சாண்டார் குடும்பம், மாடியில் அக்கா. மச்சாண்டார் பாய்க்குக் கடைவீதியில் துணிக்கடை. லுங்கி, போர்வை, தலையணை உறை, இந்த மாதிரி.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார் என்பதைத்தான் சொல்வேன். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பார். புது சிலிண்டர் மாட்டினால் டியூப் முழுக்க சோப்பு நுரை தடவுவார். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தேதியைக் கடைக்காரர் எதிரிலேயே படிப்பார். ஒரு தடவை நைனார்பாளையத்தில் இருந்த அவருடைய சின்னம்மா வீட்டுக்கு ஒரு கட்டிலை என் வண்டியில் ஏற்றினோம். கிளம்பும் நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வந்து, நாலு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா, நம்ம வண்டி மேலயே சந்தேகமா?"

"வண்டி மேல சந்தேகமில்ல தம்பி. காத்து மேல தான்."

துணி என்றால் இன்னும் மோசம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்படிக்குப் போய், தீக்குச்சி கிழித்துக் கொளுத்துவார். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பஞ்சு. சுருண்டு சுருண்டு கறுப்பாக ஒரு மணியாக உருண்டால் பாலியஸ்டர். ஏன் இந்தப் பழக்கம் என்று உங்கள் அம்மா கேட்டதற்கு, "என் கல்யாண பொடவைய பட்டுனு சொல்லி தான் கட்டி வுட்டாங்க. ஒரு நூல கொளுத்தியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "எந்த கடைல எடுத்ததுனு மட்டும் கேக்காத" என்றார். கீழே மச்சாண்டார் இருமும் சத்தம் கேட்டது. அம்மாவும் அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இந்த நூல் பரீட்சை, துணியில் படம் போடுகிற அவருடைய வேலைக்குத் தேவையாகவும் இருந்தது. அந்த மார்க்கர் சாதாரண மார்க்கர் இல்லை. அதை வைத்து முதலில் வெள்ளைக் காகிதத்தில் வரைய வேண்டும். காகிதத்தில் நிறம் அழுக்காக, செத்துப்போன மாதிரி இருக்கும். காகிதத்தைத் துணிமேல் கவிழ்த்து, மேலே ஒரு பட்டர் பேப்பர் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்த வேண்டும். காகிதத்தை எடுத்தால், கீழே துணியில் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் நிற்கும். "தேய்க்காத, அமுத்து" என்பார் அக்கா. நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவீர்கள். தம்பி முப்பதுக்குமேல் தடுமாறி மறுபடியும் இருபதுக்குப் போய்விடுவான். அக்கா பெட்டியை எடுக்காமல் பொறுமையாகக் காத்திருப்பார். நம் வீட்டில் இருக்கிற அந்தத் தலையணை உறையில் அதனால் சூடு கொஞ்சம் ஜாஸ்திதான், இன்றைக்கும் லேசாக மஞ்சளடித்திருக்கிறது.

உயிருள்ளது எதையும் அக்கா வரைய மாட்டார். அது அவர்கள் வழக்கம். ஆனால் கேட்டதை இல்லையென்றும் சொல்ல மாட்டார். பாப்பா மயில் கேட்டாள், ஒரே ஒரு இறகு வந்தது. தம்பி யானை கேட்டான், பெரிய வட்டமாகக் காலடித் தடம் வந்தது. பூனை கேட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் பால். "பூன எங்க அத்த?" என்று அது அழுதபோது, "குடிச்சிட்டு இப்போ தான் வெளிய போச்சி" என்றார்.

இந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் நிற்கும். அதை எனக்கு அவரே சொல்லியிருக்கிறார். "பஞ்சுல மேலாக்க ஒட்டிக்கினு இருக்கும் தம்பி, உள்ள எறங்காது. ஒரு தொவைக்கு தாங்காது." எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மச்சாண்டார் கடையில் ஓர் அலமாரித் தட்டு. தான் வரைந்த தலையணை உறையையும் கைக்குட்டையையும் அதில் அடுக்கி வைக்க வேண்டும். பெரிய ஆசையா அது? ஆனால் பாய் இழுத்துக்கொண்டே இருந்தார். "சொந்தக்காரங்களுக்கும் எதிர் வூட்டு புள்ளைங்களுக்கும் போட்டு குடுக்கறது வேற. வெளியாள் ஒருத்தன் நம்பி வேல குடுக்கட்டும். அப்பறம் தட்டு குடுக்கலாமா, வேணாமானு பாப்போம்" என்று அவர் படிக்கட்டில் நின்று சொன்னதை நானே கேட்டேன்.

அந்த வெளியாளைக் கொண்டுவந்தவன் நான்தான். அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் என் குட்டியானை வண்டியில் மளிகை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் கரியாலூர் போவேன், திரும்பும்போது மரவள்ளியோ புளியோ ஏற்றி வருவேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. சார் எனக்குப் பழக்கம். அவருடைய பெண் பிள்ளைகள் கபடி அணி முதல் தடவையாகக் கீழே வந்து கள்ளக்குறிச்சியில் ஆட இருந்தது. பன்னிரண்டு பனியன், பின்னால் பேரும் நம்பரும், முன்னால் புலி வேண்டும் என்றார். அக்காவிடம் சொன்னேன். "புலி மாட்டேன். புலி கால் தடம் போடறேன். அவங்களுக்கு சம்மதமானு கேளு" என்றார். கேட்டேன். பிள்ளைகள் அதற்கே ஆட்டம் போட்டார்கள் என்று சார் சொன்னார்.

அக்கா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெள்ளை, முழு பாலியஸ்டர், பன்னிரண்டு. நான் சின்னசேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போனபோது ஒரு கடையில் கேட்டேன். கடைப் பையன், "முழு பாலியஸ்டர் நாளன்னிக்கு தான் வரும்ணே. இது பாதி காட்டன் கலந்தது. தொட்டு பாருங்க, எவ்ளோ மெத்துனு இருக்கு. ஆடற புள்ளைங்களுக்கு இது தான் நல்லது, வேர்வைய இழுக்கும்" என்றான்.

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. நாளை மறுநாள் இன்னொரு தடவை வருவதற்கு சோம்பலாகவும் இருந்தது. பாதிதானே பஞ்சு, பாதி பாலியஸ்டர் இருக்கிறதே, பாதியாவது பிடிக்காமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கிவிட்டேன்.

மாடி வாசலில் வைத்துக் கட்டைப் பிரித்தோம். மச்சாண்டார் பாயும் தொழுகைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார். அக்கா ஒரு பனியனின் ஓரத்தைப் புரட்டினார். ஒரு கையில் தீப்பெட்டி.

"பாலியஸ்டர் தான தம்பி?"

"ஆமாக்கா."

பாய் சிரித்தார். "இன்னாம்மா, எதிர் வூட்டு தம்பி வாங்கினு வந்தத கூட கொளுத்தி பாக்கணுமா?"

அக்கா நூலை விட்டுவிட்டார். தீப்பெட்டியை ஜன்னலில் வைத்தார். "வேணாங்க. தம்பி வாங்கினு வந்தா சரியா தான் இருக்கும்" என்றார்.

கடைவீதியில் நாலு பேர் மதிக்கிற மனுஷர் எதிரில் எனக்குக் கிடைத்த பேர் அது. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது பயம் இல்லை, சந்தோஷம்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்தது. முதல் பனியனில் காகிதத்தை எடுத்ததும் அக்கா நெற்றியைச் சுருக்கினார். "நெறம் கொஞ்சம் கம்மியா ஏறுது பாரு."

"புது பாக்கெட் மார்க்கர்க்கா. அப்படி தான் இருக்கும்." மார்க்கரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சொன்னேன்.

அவர் அதையும் எடுத்துக்கொண்டார். சூட்டை ஏற்றி, இன்னும் கூடுதல் நேரம் அழுத்தினார். பன்னிரண்டு பிள்ளைகளின் பேரையும் காகிதத்தில் இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும், அப்போதுதான் துணியில் நேராக விழும். ஒவ்வொரு பேரையும் எழுதிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் படித்துப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் புலியின் காலடி, ஆரஞ்சு நிறத்தில். மூன்று நாள் வேலை. உங்கள் அம்மா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, எவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறார் என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு என்னைக் காட்டி, "அக்கா, இவரையும் ஒரு நூல உருவி கொளுத்தி பாருங்க. கலப்படமா இல்லியானு எனக்கும் தெரியட்டும்" என்றாள்.

"உங்கூட்டுக்காரர கொளுத்த வேணாம்மா. மொகத்த பாத்தாவே தெரியுது" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் நாள் ஆட்டத்தில் பனியன்கள் நன்றாகத்தான் இருந்தன. கரியாலூர்ப் பிள்ளைகள் ஜெயித்தார்கள். பி.டி. சார் போன் போட்டு, "எல்லா டீச்சரும் எங்க போட்டீங்கனு கேக்கறாங்க" என்றார். நான் ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். மச்சாண்டார் பாய் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அன்று சாயங்காலம் பாய் கடையில் ஒரு தட்டை ஒதுக்கச் சொன்னதாக அக்கா உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரியே பிள்ளைகள் மண்ணான பனியன்களைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். காலையில் பார்த்தால் பேரும் நம்பரும் வெளிறிப் போயிருந்தன. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மேசையில் ஆட்டக் கணக்கு எழுதுகிறவர் நம்பர் தெரியாமல் ஆட விட மாட்டேன் என்றார். சார் ஓடிப் போய் பிளாஸ்திரி வாங்கி வந்து, அதில் பேனாவால் நம்பர் எழுதி முதுகில் ஒட்டினார். ஆட்டத்தில் பிடித்து இழுக்க இழுக்க அதுவும் கழன்றது. எதிர் அணிப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "இன்னாடி, உங்க புலி தொவைச்ச தண்ணியோட ஓடிடுச்சா?" அன்று தோற்றுப் போனார்கள்.

மத்தியானம் சார் ஒரு பனியனைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். நான்தான் வழி காட்டி மாடிக்குக் கூட்டிப் போனேன். பாயும் ஏறி வந்தார். சார் கோபப்படவில்லை. "தோத்தது பனியனால இல்லம்மா. ஆனா புள்ளைங்க அழுதுடுச்சிங்க. மொத மொதல்ல கீழ வந்து ஆடறாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா பனியனைக் கையில் வாங்கினார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். அடுப்படிக்குப் போகவில்லை, அங்கேயே எங்கள் எதிரில் கொளுத்தினார். நூல் எரிந்து, பாதி உதிர்ந்தது. மீதி நுனியில் சின்னதாக ஒரு கறுப்பு மணி. அதை விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதுவும் இப்போது நான் சொல்லிக்கொள்கிற சாக்குதான்.

"தப்பு எம்மேல தான் சார்" என்றார் அக்கா. "துணிய சோதிச்சி பாத்துட்டு தான் போட்டிருக்கணும். பாக்காம வுட்டுட்டேன். புள்ளைங்க கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

பாய் அந்தப் பனியனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, போதும்மா. வூட்டுக்கு போட்டுக்கறதோட நிறுத்திக்க. நாளைக்கு நம்ம கட பேரும் கெடும்" என்றார்.

அக்கா தலையாட்டினார். எங்களுக்கு டீ போடப் போனார். நான் அந்த டீயைக் குடித்தேன், பிள்ளைகளே. முழுசாகக் குடித்தேன்.

அதற்கப்புறம் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசியதில்லை. நோன்பு மாதத்தில் வழக்கம்போலக் கஞ்சி வந்தது. உங்களுக்கு எப்போதும்போலத் தலைவாரி விட்டார். ஒன்றே ஒன்றுதான் மாறியது. என்னிடம் எதையும் வாங்கி வரச் சொல்வதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் நான் வண்டி எடுக்கும்போது மாடியிலிருந்து, "தம்பி, வரும்போது கறிவேப்பில" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வரவில்லை. சில நாள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கர்களையெல்லாம் டப்பாவோடு உங்களிடம் கொடுத்தார். நீங்கள் குதித்தீர்கள். தம்பி சுவரெல்லாம் கிறுக்கினான். அவருக்கு இனி அதோடு வேலையில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருந்தது. ஆறு மாதம் கழித்து அவருடைய வீட்டுக்காரர் வந்து ஆம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கரியாலூர் லோடை வேறு ஒருத்தருக்கு மாற்றி விட்டேன். ரோடு சரியில்லை என்று உங்கள் அம்மாவிடம் காரணம் சொன்னேன்.

பாப்பா அந்த டப்பாவை எடுத்த மறுநாள் நான் பாய் கடைக்குப் போனேன். போர்வை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். பனியன் கலப்புத் துணி என்று தெரிந்தே வாங்கினேன், தெரிந்தே பொய் சொன்னேன் என்று.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்பா. முப்பது வருஷமா துணி தான் தொட்டுக்கினு இருக்கறேன். அந்த பனியன கைல எடுத்தா எனக்கு தெரியாதா?"

"அப்பறம் ஏன் பாய் நீங்க ஒண்ணுமே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ டீ குடிச்சிக்கினு இருந்த. அந்தம்மாவும் தாமேலயே போட்டுக்கினாங்க. எனக்கும் அது வசதியா தான் இருந்திச்சி." பிறகு என்னைப் பார்க்காமலே, "கொஞ்சம் ஒத்தி நில்லுப்பா, கிராக்கி வருது" என்றார்.

அக்காவின் போன் நம்பர் உங்கள் அம்மாவிடம் இருக்கிறது. நான் பேசவில்லை. அவருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் கறுப்பு மணியை நசுக்கியபோதே அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டால் உடனே, "வுடு தம்பி, அது இன்னா பெரிய விஷயம்" என்று கொடுத்துவிடுவார். அவ்வளவு சுலபமாக அதை வாங்கிக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருநாள் உங்களையும் கூட்டிக்கொண்டு ஆம்பூர் போக வேண்டும். அது வேறு.

தெரியாதவர்கள் மலைமேல்தான் இருந்தார்கள். சாரும் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும். கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு பாய் வீட்டு அம்மா ஏனோதானோவென்று வேலை செய்து நம்மைச் சிரிக்க வைத்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்காகவே கரியாலூர் போனேன். சார் பள்ளிக்கூட வாசலிலேயே பார்த்துவிட்டு, "ஏங்க, மலைய மறந்துட்டீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நாலைந்து வாத்தியார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வளைவில் ஒரு இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் தபால் ஆபீசுக்குப் போய் ஒரு கார்டு கேட்டேன். இப்போது யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது, அந்த அம்மா மூன்று இழுப்பறை திறந்து பார்த்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். "கவர் வேணாங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். போகிற வழியில் தபால்காரர் படிக்கட்டும். பள்ளிக்கூட ஆபீசில் பிரித்து வைக்கிறவர் படிக்கட்டும்.

வண்டிக்குள் உட்கார்ந்து, லோடு சீட்டு அட்டையை மடியில் வைத்து எழுதினேன். "அன்று கபடிப் பிள்ளைகளின் பனியன் வெளிறியதற்கு அந்த அக்கா காரணம் இல்லை. கலப்புத் துணி வாங்கியவன் நான். பாலியஸ்டர் என்று பொய் சொன்னவனும் நான். தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லவும்." அதற்குக் கீழே பாதிக் கார்டு காலியாக இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை. என் பெயரையும் நம் தெருவையும் பெரிதாக எழுதி, இறங்கிப் போய்ப் பெட்டியில் போட்டேன்.